ரைஃபிளோடு ஆப்பிரிக்கா போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு, சொந்தத் துப்பாக்கியோடு தென்னாப்பிரிக்காவுக்கோ நமீபியாவுக்கோ வேட்டைக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன்; ஒரு முறை தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணம், ஒரு முறை நமீபியா. அதிலிருந்து நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று போன் வந்தபடியே இருக்கிறது. வேட்டை சரியா தவறா என்பது வேறு பஞ்சாயத்து, அதற்குள் நான் போகவில்லை. விதிகள் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமா?

இல்லை. இதை யாரும் முதலில் கேட்பதில்லை, கடைசியில்தான் கேட்கிறார்கள். வேட்டையை ஏற்பாடு செய்து தருகிற அவுட்ஃபிட்டர் எல்லோரிடமும் வாடகைக்குக் கொடுக்க ரைஃபிள் இருக்கும். நாளுக்கு இவ்வளவு, தோட்டாவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு வாரம் போய் இம்பாலா, கூடு என்று இரண்டு மூன்று மான் வகை சுடுவதோடு சரி என்றால் வாடகைதான் புத்திசாலித்தனம். பல ஆண்டுகள் தோளில் பழகிய துப்பாக்கி, அதை வைத்துத்தான் சுடுவேன் என்கிற மனசு இருந்தால் மட்டும் கீழே படியுங்கள். எனக்கு அந்த மனசு இருந்தது. இரண்டாவது முறை கிளம்பும்போது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

எந்த நாட்டுக்குக் கொண்டுபோவது சுலபம்?

நமீபியா. விண்ட்ஹுக் ஹோசியா குட்டாக்கோ விமான நிலையத்தில் இறங்கி, படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போலீஸ் அங்கேயே தற்காலிக அனுமதி தரும். தென்னாப்பிரிக்காவிலும் விமான நிலையத்திலேயே வாங்கலாம், ஆனால் காகிதம் அதிகம். தான்சானியா, மொசாம்பிக் என்றால் அவுட்ஃபிட்டர் முன்கூட்டியே அனுமதி எடுத்து வைத்திருக்க வேண்டும். இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. கென்யாவில் 1977-இலிருந்தே வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடை போட்டு 2019-இல் விலக்கியது.

நமீபியாவில் ஒரு விஷயம் கவனியுங்கள். விலங்கின் அளவுக்கு ஏற்பத் தோட்டாவின் குறைந்தபட்ச வேகசக்தியைச் சட்டம் சொல்கிறது: ஸ்பிரிங்பாக் போன்ற சின்ன மானுக்கு 1350 ஜூல், கூடு, ஓரிக்ஸ் போன்றவற்றுக்கு 2700, எருமை, யானைக்கு 5400. கைத்துப்பாக்கிக்கும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் அங்கே இடமில்லை. எந்த ரைஃபிளை எடுத்துப்போவது என்பதை இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். என் துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

நம் ஆட்கள் அதிகம் கேட்கும் கேள்வி. வேட்டை லைசென்ஸ் இருந்தால் எச்-1பி-யில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாம் என்பது உண்மை. அது உள்ளே வைத்துக்கொள்ளும் கதை. நாட்டுக்கு வெளியே எடுத்துப்போவது ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வரும். தனி ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாமல் பயணப் பெட்டியில் 3 துப்பாக்கி, 1,000 தோட்டா வரை எடுத்துப்போகும் விலக்கு, அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். மற்றவர்கள், தாங்கள் வெளிநாட்டிலிருந்து முறைப்படி கொண்டுவந்த துப்பாக்கியைத் திரும்ப எடுத்துப்போகலாம். இங்கே வாங்கியதை அல்ல. எச்-1பி என்றால் வாடகை ரைஃபிள். கிரீன் கார்டு வரட்டும்.

படிவம் 4457 என்கிறார்களே, அது என்ன?

"இந்தப் பொருள் அமெரிக்காவிலிருந்து போனது, திரும்பி வரும்போது இறக்குமதி ஆகாது" என்று அமெரிக்கச் சுங்கத் துறை முத்திரை போட்டுத் தரும் ஒற்றைத் தாள். கட்டணம் கிடையாது. கேமரா, கைக்கடிகாரத்துக்கும் இதே படிவம்தான். ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கிக்கு உரிமப் புத்தகம் என்று ஒன்று இல்லாததால், ஆப்பிரிக்காவில் இந்தத் தாளைத்தான் "இது உன்னுடையது" என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இதன் மதிப்பு அதன் தகுதிக்கு மேலே போய்விட்டது.

துப்பாக்கியைச் சுங்க அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோக வேண்டும். அதிகாரி சீரியல் நம்பரைத் துப்பாக்கியில் பார்த்து, தாளில் பார்த்து, முத்திரை குத்துவார். போவதற்கு முன் போன் செய்து, "பூட்டிய பெட்டியில் ரைஃபிள் கொண்டுவருகிறேன், 4457 வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்தை அவர் முன்னால் போடுங்கள். எழுதாமல் விட்ட வரிகளில் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சீரியல் நம்பர் இருந்தால் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அது அச்சிட்ட படிவப் பதிப்பின் தேதி, உங்கள் சான்றின் தேதி அல்ல. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்தால் "இது முடிந்துபோன தாள்" என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதனால் மாட்டிக்கொண்ட வேட்டைக்காரர்கள் நிறைய. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய பதிப்பில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். அரை நாள் வேலை.

எந்த வழியாகப் பறப்பது?

உங்கள் பயணத்தில் தலையாய முடிவு இதுதான் என்பேன். போய் இறங்கும் நாட்டைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நடுவில், காபி குடிக்க மட்டும் இறங்கிய ஊரில்.

டிரான்சிட் நாட்டில் நீங்கள் வெளியே வராவிட்டாலும் துப்பாக்கி அந்த மண்ணைத் தொடுகிறது. சில நாடுகள் அதற்கும் அனுமதி கேட்கும். ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் டச்சு சுங்கத்திடம் முன்கூட்டியே டிரான்சிட் ஒப்புதல் வாங்க வேண்டும். எமிரேட்ஸ் போன்ற வளைகுடா விமானங்கள் முன் ஒப்புதல் இல்லாமல் துப்பாக்கியை ஏற்றாது. மலிவான டிக்கெட் எல்லாமே இப்படி இரண்டு மூன்று ஊர் சுற்றும் டிக்கெட்தான். அதில் மிச்சமாகும் முந்நூறு டாலர், துப்பாக்கி இல்லாமல் பயணம் போகிறவர்களுக்கு.

அட்லாண்டாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு டெல்டாவும், நெவார்க்கிலிருந்து யுனைடெட்டும் நேராகப் பறக்கின்றன. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போக வேண்டும், முட்டி விட்டுப்போகும், ஆனால் நடுவில் வேறு நாடு இல்லை. என் ஓட்டு இதற்கே.

வேறு வழியில்லை என்றால் இரண்டு விஷயம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். பெட்டியின் டேக் கடைசி ஊர் வரை போடப்பட்டிருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். நடுவில் இரவு தங்கிப் பெட்டியைக் கையில் வாங்கினால், அந்த நாட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நமீபியாவுக்குப் போகிறவர் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ராத்திரி தங்கிப் பெட்டியை எடுத்தால் தென்னாப்பிரிக்க அனுமதியும் வேண்டும்.

அமெரிக்காவுக்குள்ளே இணைப்பு விமானம் என்றால் பயமில்லை அல்லவா?

2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கிளம்பிய ஒருவர், நெவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். விமான நிறுவனம் பெட்டியைக் கையில் கொடுத்தது. வாங்கிக்கொண்டு ஓட்டலில் தூங்கினார். மறுநாள் காலை கவுன்ட்டரில் முறைப்படி "பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது" என்று அறிவித்தார். நியூ ஜெர்சி சட்டப்படி கைது, சில நாள் சிறை. மாநிலங்களின் ஊடே துப்பாக்கியுடன் பயணிப்பவரைப் பாதுகாக்கும் 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். துப்பாக்கி இரவெல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது வேறு விஷயம். அந்தச் சில நாட்களை யார் திருப்பித் தருவார்?

நெவார்க்கிலோ நியூயார்க்கிலோ விமானம் ரத்தானால் துப்பாக்கிப் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். "நீங்களே வைத்திருங்கள்" என்று விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள். மறுத்தால் விமான நிலையப் போலீஸைக் கூப்பிட்டு அவர்களிடம் ஒப்படையுங்கள்.

எப்படிப்பட்ட பெட்டி, எத்தனை பூட்டு?

கெட்டியான பெட்டி. பூட்டிய பிறகு எந்த மூலையையும் விரலால் நெம்பித் திறக்க முடியக்கூடாது. விற்கும்போதே ஓட்டை போட்டுத் தந்திருக்கும் இடம் எல்லாவற்றிலும் பூட்டு மாட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. எந்த நிறுவனத்தின் பூட்டும் போடலாம். சோதனை அதிகாரிகளிடம் பொதுச்சாவி இருக்கிற பூட்டை நான் போடுவதில்லை, சாதாரணத் தடிப் பூட்டுதான்.

துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றி அதே பெட்டியில் வையுங்கள். போல்ட்டைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது துப்பாக்கி பாகம். ஸ்கோப் கைப்பையில் போகலாம். துடைக்கும் கரைசல்கள் தீப்பற்றும் வகை என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில்.

எடையைக் கவனியுங்கள். ஸ்கோப் மாட்டிய பாயிண்ட் 375 காலிபர் (குழலின் அளவு) ரைஃபிள் ஒன்றே நாலரை கிலோ வரும், பெட்டி தனி. இரண்டு ரைஃபிள் வைத்தால் 23 கிலோ வரம்பை எட்டிப்பிடித்துவிடும்.

தோட்டா எவ்வளவு எடுத்துப்போகலாம்?

ஒரு பயணிக்குப் பெட்டியோடு சேர்த்து 5 கிலோ. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பின்பற்றும் வரம்பு இது. மனைவியின் 5 கிலோவையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டக்கூடாது. தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் காலிபர் என்றால் இருபது தோட்டா அடங்கிய டப்பா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 375 என்றால் தோட்டா ஒன்றே நாற்பது கிராம் அளவில் வரும். தென்னாப்பிரிக்கா ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை விடும், ஆனால் தராசு அதற்கு முன்பே தடுத்துவிடும். அறுபது தோட்டா போதும். ஒரு வாரத்தில் அதற்கு மேல் சுட்டால் பிரச்சினை தோட்டாவில் இல்லை.

கடையில் வாங்கிய அட்டை டப்பாவோ, ஒவ்வொன்றுக்கும் குழி உள்ள பிளாஸ்டிக் டப்பாவோ இருக்கட்டும். உதிரியாகப் பையில் போடாதீர்கள். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே பெட்டியில் போகலாம். வெளிநாட்டு விமானங்கள் பல, தோட்டா தனிப் பூட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, பூட்டி, துணிகள் இருக்கும் சூட்கேஸில் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் திருப்தி. தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் காலிபர் பெயர், துப்பாக்கிக் குழலில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று: வேட்டைக்குப் போடும் ஜாக்கெட்டையும் முதுகுப்பையையும் விமானத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அடிமடிப்பில் எங்கோ ஒரு தோட்டா கிடக்கும். எக்ஸ்ரே அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கும்.

கவுன்ட்டரில் என்ன சொல்ல வேண்டும்?

"என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். "வேட்டை ரைஃபிள் ஒன்றை அறிவிக்க வேண்டும், காலியாக, பூட்டிய பெட்டியில் இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். வார்த்தை வரிசை மாறினால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். ஒரு சின்ன அட்டையில் கையெழுத்து வாங்குவார்கள். அது பெட்டிக்குள் போகும். அப்புறம் பெட்டி சோதனைக்குப் போகும். "சரி, போகலாம்" என்று சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள், சாவியோடு. பெட்டியைத் திறக்கச் சொல்லி நீங்கள் இல்லை என்றால் பெட்டி கிளம்பாது. மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம். விமான நிறுவனத்தின் விதிப் பக்கத்தை அச்செடுத்துப் போனால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் என்ன நடக்கும்?

பாஸ்போர்ட் முத்திரை முடிந்து வந்தால் துப்பாக்கிப் பெட்டி மற்றப் பெட்டிகளோடு சுற்றிக்கொண்டு வராது. ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் அதை நேரே போலீஸின் துப்பாக்கி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே தற்காலிக அனுமதிக்கான எஸ்ஏபி 520 என்ற படிவத்தோடு பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதம், 4457 எல்லாம் காட்ட வேண்டும். படிவத்தைக் கறுப்பு மையில் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள், வெள்ளை மை பூசித் திருத்தாதீர்கள், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால் போட விட்டுவையுங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே காலிபரில் இரண்டு துப்பாக்கி கொண்டுபோகாதீர்கள்.

அதிகாரி பெட்டியைத் திறந்து, குழலை வெளிச்சத்தில் திருப்பி, சீரியல் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிப்பார். என் முதல் பயணத்தில் அந்த விரல் ஐந்தாவது எழுத்தில் நின்றது. துப்பாக்கியில் இருந்தது ஆங்கில "ஓ". எஸ்ஏபி 520-இல் நான் எழுதியிருந்தது பூஜ்யம். தப்பு முழுக்க என்னுடையது. புதுப் படிவம் வாங்கி, முதலிலிருந்து நிரப்பி, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என்னை அழைத்துப்போக வந்த டிரைவர் வெளியே மூன்று டீ குடித்துவிட்டார். அதிலிருந்து ஒரு பழக்கம்: சீரியல் நம்பரைக் கிட்டப்போய்ப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் எந்தப் படிவத்திலும் எழுதுகிறேன்.

அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. யாராவது "நான் வேகமாக முடித்துத் தருகிறேன்" என்று பக்கத்தில் வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதியைத் தயாராக வைத்திருக்க உதவும் முகவர்களும் உண்டு. பல வாரம் முன்பே காகிதம் அனுப்ப வேண்டும். வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். 

உள்நாட்டு இணைப்பு விமானம் என்றால் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அன்றே ஓடுவதைவிடக் விமான நிலையத்தை ஒட்டிய கெம்ப்டன் பார்க் பக்கம் ஒரு விடுதியில் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது நல்லது.

துப்பாக்கி மட்டும் வந்து சேரவில்லை என்றால்?

நடக்கும். துப்பாக்கி கண்ணெதிரே இல்லாமல் அனுமதி தர மாட்டார்கள். விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு, அவுட்ஃபிட்டரின் ரைஃபிளோடு வேட்டையை ஆரம்பித்துவிடுங்கள். பெட்டிக்குள் இடம் காட்டும் ஏர்டேக் ஒன்று போட்டிருந்தால் அட்லாண்டாவில் தூங்குகிறதா, வழியில் இருக்கிறதா என்றாவது தெரியும். வந்து சேர்ந்த பிறகு முகாமில் முதல் வேலை, காகித இலக்கில் இரண்டு குண்டு. சாமான் ஏற்றுகிறவர்கள் பெட்டியை வைக்கிற விதத்தில் ஸ்கோப் நகர்ந்திருக்கலாம்.

சைலன்சர், நைட் விஷன்?

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எச்-1பி கேள்வியில் சொன்ன ஏற்றுமதி லைசென்ஸ் விலக்கில் சைலன்சர் வராது. தென்னாப்பிரிக்காவில் சைலன்சர் சர்வ சாதாரணம், வாடகை ரைஃபிளில் மாட்டியே தருவார்கள்.

நண்பனுடைய ரைஃபிளை நான் கொண்டுபோகலாமா?

வேண்டாம். 4457-இல் யார் பெயரோ, எஸ்ஏபி 520-இல் யார் பெயரோ, விமானச் சீட்டில் யார் பெயரோ, மூன்றும் ஒரே ஆளாக இருக்கட்டும். கணவன் மனைவி என்றாலும் அப்படியே.

வேட்டை முடிந்து அப்படியே சென்னைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா?

நீங்கள் போகலாம், துப்பாக்கி போகக்கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிய லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, அங்கே வேட்டை என்ற காரணத்தையும் சொல்ல முடியாது. பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கே விமான நிலையத்தில் வழக்குப் போடுவார்கள். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் அந்தப் பயணத்தில் வாடகை ரைஃபிள்தான். ஜாக்கெட் பைகளையும் ஒரு தடவை உதறிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது?

தென்னாப்பிரிக்காவில் வரும்போது தந்த அனுமதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கிளம்பும்போது போலீஸ் மறுபடியும் துப்பாக்கியைச் சீட்டோடு ஒப்பிடும். அமெரிக்காவில் இறங்கியதும் 4457-ஐக் காட்டினால் வேலை முடிந்தது. கொம்பும் தோலும் உங்களோடு வராது. பதப்படுத்தி, காகிதங்கள் தயாராகி, பல மாதம் கழித்துச் சரக்காக வரும். எல்லா விமானமும் எல்லாவற்றையும் ஏற்றாது: 2015-இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட பிறகு சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றின் வேட்டைச் சின்னங்களை ஏற்ற மாட்டோம் என்று டெல்டா அறிவித்தது.

சுங்கப் படிவத்தில் "பண்ணைக்குப் போனீர்களா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று போடுங்கள். அட்லாண்டாவில் துப்பாக்கியைப் பார்த்த அதிகாரி ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த விவசாயத் துறைக்காரர்தான் என் பூட்ஸைக் கேட்டு வாங்கி, அடிப்பள்ளங்களில் ஒட்டியிருந்த லிம்போபோ செம்மண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். இருபது நிமிடம் ஆனது.